ஊர் விரல் அறிந்த கதவு

மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் கந்தம்மாள் வீட்டுக்கு விரலைக் காட்டினால் திறக்கும் பூட்டு வந்து சேர்ந்தபோது, அதற்கு முதல் விரலைக் காட்டியவள் கந்தம்மாள்தான். வீட்டுக்காரி அல்லவா. ஆனால் பூட்டு அவளை வீட்டுக்காரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. வலது கைப் பெருவிரலை வைத்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்காட்டி விரலை வைத்தாள், அதற்கும் சிவப்புதான். பூண்டு உரித்தும் கேரட் கழுவியும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்துபோன விரல்கள் அவை. ரேஷன் கடை மெஷினே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லா விரலையும் வைத்துப் பார்த்ததில் இடது கைச் சுண்டுவிரல் ஒன்றில்தான் ரேகை மிச்சமிருந்தது. அதைக் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஒண்ணுக்குப் போகக் கேக்குற மாதிரியில்ல இருக்கு," என்றாள் கந்தம்மாள். "எம் வீட்டுக்குள்ள போறதுக்கு நான் இந்த வெரலக் காட்டணுமாக்கும்."

"வேற வெரலு ஒனக்கு இல்லம்மா," என்றான் மகன் ராஜமுருகன்.

அவன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். மேல்மலை ஊர்களில் அங்கங்கே விதைப்பூண்டு களவு போகிறது என்று கேள்விப்பட்டதும், அம்மா அப்பாவின் பாதுகாப்புக்கென்று ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டான். அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. மேல்மலையில் பூண்டைப் பிடுங்கியதும் கட்டுக் கட்டாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, கீழே கொள்ளிக்கட்டையைக் கனியவிட்டு மாதக்கணக்கில் புகை போடுவார்கள். புகை நின்றால் அந்த ஊர் ஈரத்துக்கு எல்லாம் முளைவிட்டு அழுகிப் போகும். விதை போனால் அடுத்த நடவு இல்லை. அதனால் கந்தம்மாள் வீட்டில் நகை இருந்த டிரங்குப் பெட்டியைவிடப் பரணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பூட்டைத் தவிரப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது, புகை கண்டால் அலறுகிற ஒரு வட்டக் கருவி. கந்தம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புகை நிற்காத வீட்டில் அதைக் கொண்டுபோய்ப் பரணுக்குப் பக்கத்தில் மாட்டினான் அந்தப் படித்த பிள்ளை. அது அலறத் தொடங்கியது. அன்று பூராவும் அலறியது. 'உங்கள் வீட்டில் தீ' என்று ராஜமுருகனின் செல்போன் அவன் சட்டைப் பையிலிருந்தே கத்தியது. கடைசியில் ஊரிலேயே புகை இல்லாத இடம் எது என்று தேடி, கோழிக்கூட்டில் கொண்டுபோய் அதை மாட்டினார்கள். அங்கே அது நிம்மதியாக இருந்தது. கோழிகள்தான் கொஞ்ச நாள் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்து வந்தது பேசும் பெட்டி. கந்தம்மாளின் கணவர் சேனாதிபதிக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. "வடுகபட்டி சந்தையில பூண்டு என்ன வெலைங்க?" என்று காலையில் அதனிடம் மரியாதையாகக் கேட்பார். அது பூண்டு ரசம் வைக்கும் முறையை விளக்கும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகக்கூடாது என்று அவர் கடைசி வரை உட்கார்ந்து கேட்பார்.

மூன்றாவதாக இரண்டு கேமராக்கள். ஒன்று வாசல் நிலையில், அழைப்பு மணியோடு சேர்ந்தது. சந்தும் எதிர்வீட்டு முற்றமும் அதில் தெரியும். செல்போனில் பேசினால் இங்கே வாசலில் சத்தம் வரும், வாசலில் நிற்பவர் பேசுவது செல்போனில் கேட்கும். இன்னொன்று உள்ளே, பரணையும் அடியில் கனியும் கொள்ளியையும் பார்த்தபடி. அதிலும் பேச்சு கேட்கும்.

அந்த உள்கேமராவை மாட்டும்போதுதான் விவகாரம் வெளிப்பட்டது. ஒயரை இழுப்பதற்காக ராஜமுருகன் பரணின் பின்பலகையைக் கழற்றினான். பலகைக்கும் சுவருக்கும் நடுவே, எலி இழுத்துப் போட்டு, முளைத்து, அழுகி, மட்கிப்போய் மூன்று பூண்டுக் கட்டுகள் கிடந்தன. கட்டியிருந்த நீலக் கயிறு மட்டும் அப்படியே இருந்தது. கந்தம்மாள் அந்தக் கயிற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன கட்டுகள் அவை. காணாமல் போன அன்று கந்தம்மாள் வாசலில் நின்று தன் செவலைக் கோழியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "ஏ செவலை, வெளியாளு யாரு நம்ம பரணுல ஏறப் போறா? பழகின கைதேன் ஏறியிருக்கு."

அந்தச் சந்தில் பழகின கை ஒன்றுதான் உண்டு. எதிர்வீட்டுச் சின்னத்தாயியின் கை. சேனாதிபதியின் அண்ணன் மலைச்சாமியின் மனைவி, கந்தம்மாளுக்கு மூத்த ஓரகத்தி. மலைச்சாமி இறந்த பிறகு தனியாக இருப்பவள். கந்தம்மாள் புது மருமகளாக வந்தபோது, கொள்ளியை எப்படி வைத்தால் எரியாமல் கனியும் என்று சொல்லிக் கொடுத்தவள். பூண்டு உரிக்க உட்கார்ந்தால் இருவரும் ஒரே சாக்கில்தான் உட்காருவார்கள். அப்படிப்பட்டவள் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது இந்த வார்த்தை காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதானே சொன்னது. சின்னத்தாயி செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் நேர்ப்பேச்சு நின்றது. ஒரே சந்தில் குடியிருக்கும் இரண்டு பெண்கள் பேசாமல் இருக்க முடியுமா? ஜாடைப் பேச்சு நடந்தது. கந்தம்மாள் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்லுவாள், சின்னத்தாயி அதற்கான பதிலை அதே கோழியிடம் சொல்லுவாள். செவலை இரண்டு வீட்டிலும் தீனி தின்று, இரண்டு வீட்டு வசவையும் வாங்கிக்கொண்டு, இந்த இரண்டு வருடத்தில் நன்றாகக் கொழுத்துவிட்டது.

நீலக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கந்தம்மாள், மகனிடம் சொன்னாள்: "இத யாருகிட்டயும் மூச்சு விடாத. ஒங்கப்பாகிட்டயும்தேன்."

"பெரியம்மாகிட்டச் சொல்லிரும்மா. பாவம்."

"சொல்றேன்டா. நேரம் பாத்துச் சொல்றேன்."

நேரம் வரவே இல்லை. அது வராது என்று அவளுக்கே தெரியும். தப்பு தன்னுடையது என்று தெரியாத வரை அவளுக்குக் கோபமாவது துணையாக இருந்தது. இப்போது வெட்கம் மட்டும்தான் மிச்சம். வெட்கத்தோடு எதிர்வீட்டு முற்றத்தைத் தாண்டுவது அவளால் ஆகவில்லை.

ராஜமுருகன் ஊருக்குக் கிளம்பிப் போனதும் புதுப் பூட்டால் ஊருக்குள் புகைச்சல் கிளம்பியது. கவுஞ்சியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெளியூர் போனால் அக்கம்பக்கத்தார் முறை வைத்து உள்ளே போய்க் கொள்ளியைத் தள்ளிவிட்டு, புகை பார்த்துவிட்டு வருவார்கள். சாவி நிலைக்கு மேலே இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். இப்போது சாவியே இல்லாத பூட்டு என்றால் என்ன அர்த்தம்? "எங்களக் களவாணின்னு நெனச்சுட்டாக போல," என்று குழாயடியில் பேச்சு அடிபட்டது.

சேனாதிபதி ஊரில் யாரிடமும் கெட்ட பெயர் வாங்கப் பிடிக்காதவர். மகன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன வித்தையை வைத்து அவரே ஒரு முடிவெடுத்தார். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊரில் உள்ளவர்களை வரிசையாக வரச்சொல்லி ஒவ்வொருவர் விரலையும் பூட்டுக்குள் பதிய வைத்தார். ஓட்டுச்சாவடி போல் கூட்டம். வராதவர்களை வீடு தேடிப் போய் அழைத்தார். கறிவேப்பிலை கேட்டு எப்போதாவது வருகிறவள்கூடத் தன் விரலும் இருக்கட்டும் என்று வந்து நின்றாள். விரலைப் பதிந்தவர்களுக்குக் கந்தம்மாள் காபி கொடுத்தாள். உலகத்தில் எங்கேயும் ஒரு பூட்டு இவ்வளவு பேரை வீட்டுக்காரர்களாக ஏற்றுக்கொண்டிருக்காது.

கோயம்புத்தூரில் ராஜமுருகனுக்கு வேலை நேரமெல்லாம் அறிவிப்பு வந்தது. புவனா கதவைத் திறந்தார். பெட்டிக்கடை அண்ணன் கதவைத் திறந்தார். கோயில் பூசாரி கதவைத் திறந்தார். "அப்பா, இதுக்குப் பேரு பூட்டு இல்லப்பா," என்று அவன் போனில் அழாத குறையாகச் சொன்னான்.

"யாரு வந்தாக, போனாகன்னு ஒனக்குத் தெரியுதுல்ல. அப்புறம் என்ன பயம்?" என்றார் சேனாதிபதி.

ஊர் விரலெல்லாம் உள்ளே போயிற்று. ஒரு விரல் மட்டும் போகவில்லை. சேனாதிபதி அன்று தயங்கித் தயங்கி, "மதினியவும் ஒரு வார்த்த கூப்பிட்டா..." என்று இழுத்தார். கந்தம்மாள் காபி டம்ளரைக் கழுவியபடி, "வந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றாள். வரமாட்டாள் என்று தெரிந்தே சொன்னாள். அன்று சாயங்காலம் எதிர்முற்றத்திலிருந்து பதில் வந்தது.

"ஏ செவலை, அங்கிட்டுப் போகாத. அந்தக் கதவுக்குக் கண்ணு இருக்காம். நீ வெறுங்கையோட போறியா, கட்டோட போறியான்னு பாக்குமாம்."

கந்தம்மாள் அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். பதில் சொல்லக் கோழியைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டாள். சேனாதிபதியின் செல்போனை வாங்கி, கோழியைப் பார்க்கிறேன் என்று சொல்லி வாசல் கேமராவைப் பார்ப்பாள். கோழி எங்கே இருந்தாலும் சரி, அவள் பார்ப்பது எதிர்முற்றத்தைத்தான். அக்கா வெள்ளனே எழுந்தாளா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளா, அடுப்பு புகைகிறதா என்று பார்ப்பாள். பத்தடி தூரத்தில் கண்ணெதிரே இருக்கிற மனுஷியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த ஒரே பொம்பளை மேல்மலையிலேயே அவளாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போது கன்னிவாடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கவுஞ்சிப் பையன் என்பதால் ஊரே தனி பஸ் பிடித்துக் கிளம்பியது. சின்னத்தாயி மட்டும் முழங்கால் வலி என்று நின்றுகொண்டாள். கந்தம்மாள் போகிறாள் என்பதுதான் அந்த முழங்கால் வலி என்று எல்லோருக்கும் தெரியும். புகை பார்க்க ஊரில் ஆள் இல்லையே என்று கந்தம்மாள் கிளம்பும்போது ஒரு பெரிய கட்டையாகப் பார்த்துக் கொள்ளியில் வைத்து, ஈர உமியைப் போட்டு மூடினாள். அவசரத்தில், பீன்ஸ் விதை கட்டி வைத்திருந்த சாக்குகளைக் கொஞ்சம் தள்ளி வைக்க மறந்துவிட்டாள்.

தாலிகட்டு, சாப்பாடு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. திரும்பி வரும்போது மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துகிடந்தது. பஸ் நின்றது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. பொழுது போக வேண்டுமே என்று சேனாதிபதி செல்போனை எடுத்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தன் வீட்டைக் காட்டத் தொடங்கினார். பரணைப் பார்க்காத ஆள் அந்த பஸ்ஸில் கிடையாது. இருந்தாலும் போனில் பார்ப்பது வேறு என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா, கட்டை உருண்டு கெடக்கே," என்றாள் புவனா. அவள் அங்கன்வாடி டீச்சர், எதையும் முதலில் கவனிப்பவள்.

கந்தம்மாள் போனைப் பிடுங்கினாள். ஆமாம். கட்டை பாதி எரிந்து ஒடிந்து, கனிந்த நுனி சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. சாக்கின் ஓரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. இன்னும் தீ பிடிக்கவில்லை. பிடித்தால் சாக்கு, அதற்கு மேலே கம்பம், கம்பத்துக்கு மேலே பரண், பரணில் அடுத்த வருடம். அலற வேண்டிய கருவி கோழிக்கூட்டில் சுகமாக இருந்தது.

"யாராச்சும் போய்க் கதவத் தெறங்கய்யா," என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்த விரல்கள் அத்தனையும் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தன. ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆள், அந்தப் பூட்டுக்குத் தெரியாத ஒரே ஆள்.

"கதவ இங்கிருந்தே போன்ல தெறந்துவிடலாம்," என்றார் சேனாதிபதி. "உள்ள போக ஆளு வேணும். மதினியக் கூப்பிடு கந்தம்மா. வெரசாக் கூப்பிடு."

"நீங்க கூப்பிடுங்க."

"நான் கூப்பிட்டா என்னன்னு கேட்டு வருவாக? பழகின கைன்னு சொன்னது நானா?"

ஊரே கேட்கும்படி அந்த மனுஷர் மனைவியைப் பார்த்துச் சொன்ன முதல் கடுஞ்சொல் அதுதான். கந்தம்மாள் வாசல் கேமராவைத் திறந்தாள். எதிர்முற்றத்தில் சின்னத்தாயி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் செவலை மேய்ந்துகொண்டிருந்தது. கந்தம்மாள் பேசும் பொத்தானை அழுத்தினாள். அக்கா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். இரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஏ செவலை. வீட்டுக்குள்ள கொள்ளி உருண்டு கெடக்கு. ஊருல ஆளு இருந்தா வந்து பாக்கச் சொல்லு."

பஸ்ஸில் சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அங்கே கவுஞ்சியில் கதவு திடீரென்று பேசியதைக் கேட்டுச் செவலை துள்ளி ஓடிப்போய் வேலியோரம் நின்றது. சின்னத்தாயி முறத்தை நிறுத்தி, ஆளில்லாத வாசலைப் பார்த்தாள். பிறகு வேலியோரம் நின்ற கோழியைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தியா செவலை, கதவு பேசுது. மனுஷி பேசக் காணோம்."

"செவலை, வெளையாட்டு இல்ல. சாக்கு புகையுது."

"அதுக்கு நான் என்ன பண்ண? ஊருல அம்புட்டுப் பேரு வெரலும் அந்தக் கதவுக்குள்ள இருக்காம்ல. அந்த வெரலுகளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு."

பஸ்ஸில் எல்லோரும் அவரவர் விரலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். புவனா மெதுவாக, "அத்தை, கோழிய விட்டுட்டு நேராப் பேசுங்க," என்றாள்.

"தெறந்து விடுறேன், உள்ள மட்டும் போகச் சொல்லு செவலை," என்றாள் கந்தம்மாள்.

சின்னத்தாயி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சந்தைத் தாண்டி வாசல் வரை வந்தாள். கேமராவில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைக் கந்தம்மாள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே நிறையக் கறுத்திருந்தது. இப்போது சின்னத்தாயி கோழியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தே பேசினாள்.

"நான் உள்ள போவேன், வருவேன். நாளைக்கு இன்னொரு கட்டக் காணோம்னு எந்தக் கோழிகிட்டச் சொல்றதா உத்தேசம்?"

அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுபோனது. மலைப்பாதையில் சிக்னல் அப்படித்தான், ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். கந்தம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் ஓடினாள். கல்யாணப் பட்டுப்புடவை முழங்கால் வரை சேறானது. பின்னாலேயே சேனாதிபதி குடையோடு ஓடினார், அவர் பின்னால் பஸ் கூட்டமே இறங்கி ஓடியது. வளைவு திரும்பியதும் படம் மறுபடி அசைந்தது. சின்னத்தாயி இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை. அதைப் பார்த்ததும் கந்தம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா," என்றாள். "கோழி இல்லக்கா. ஒங்ககிட்டத்தேன் பேசுறேன்."

வாசலில் நின்ற முகம் கேமராவுக்கு இன்னும் கிட்டே வந்தது.

"கட்டு களவு போகலக்கா. எலி இழுத்துப் பரணுக்குப் பின்னாடி போட்டிருந்துச்சு. இந்தக் கேமரா மாட்டுறப்ப நானே கண்ணால பாத்துட்டேன். ஒங்க மொகத்துல எப்படி முழிப்பேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஊரு வெரல எல்லாம் கூப்பிட்டு வச்சுட்டு, ஒங்களக் கூப்பிட வெக்கமா இருந்துச்சு. நான் சொன்னது தப்புக்கா. வீடு எரிஞ்சாலும் எரியட்டும், இத நீங்க கேட்டுட்டுப் போங்க."

நனைந்துகொண்டு நின்ற ஊர் மொத்தமும் இதைக் கேட்டது. குடையைப் பிடித்திருந்த சேனாதிபதி குடையைத் தன் தலைக்கும் பிடிக்கவில்லை, மனைவி தலைக்கும் பிடிக்கவில்லை, வாயைத் திறந்தபடி நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். கோழியிடம் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதைத் திருப்பி வாங்கியதைக் கேட்டது ஒரு பஸ் கூட்டம்.

சின்னத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழை அங்கே இல்லை.

"வீடு எரியட்டும்னு நீ சொல்லுவ," என்றாள். "விதை எதுக்குடி எரியணும்? தெற கதவ."

சேனாதிபதி ஈர விரலால் போனை அமுக்கினார், அமுக்கினார், அது கேட்கவில்லை. புவனா வாங்கித் துடைத்து ஒரே அமுக்கு. அங்கே கதவு ஒரு சின்ன மணியடித்துத் திறந்தது. சின்னத்தாயி உள்ளே போனதும் எல்லோரும் உள்கேமராவுக்கு மாறினார்கள். முழங்கால் வலிக்காரி ஒரே எட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிச் சாக்கின்மேல் கவிழ்த்தாள். கொள்ளியைக் கம்பால் தள்ளிச் சாம்பலுக்குள் புதைத்தாள். சாக்குகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். பிறகு புதுக் கட்டை ஒன்றை எடுத்து, நுனியை மட்டும் கங்கில் வைத்து, உமியைத் தூவி, எரியாமல் கனிகிறதா என்று குனிந்து ஊதிப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் அண்ணாந்து கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன். கொள்ளி வைக்கத் தெரியல, கழுதைக்கு."

மழையில் நின்ற ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கந்தம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். இந்த வசவு நேராக வந்தது, எந்தக் கோழி வழியாகவும் வரவில்லை. சின்னத்தாயி அதோடு நிற்காமல் அடுப்படிக்குப் போய்க் காபி போடுவதும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. "சீனி டப்பா இருந்த எடத்த மாத்தி வச்சேனே, எங்க தேடுறாகளோ," என்று கந்தம்மாள் கவலைப்பட்டாள்.

ஆண்கள் எல்லாம் ரோட்டில் இறங்கி மரத்தை வெட்டி இழுக்க உதவினார்கள், பெண்கள் கிளைகளைப் பொறுக்கி ஓரம் தள்ளினார்கள். பஸ் கவுஞ்சிக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். கந்தம்மாள் வீட்டு வாசலில் ஊரே கூடியது. கதவைத் திறக்கிற செல்போன் வழியிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிருந்தது. அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். சிவப்பு. மழையில் ஊறி அந்த விரலும் சுருங்கிப்போயிருந்தது. சேனாதிபதி வைத்தார், சிவப்பு. புவனா வைத்தாள், பூசாரி வைத்தார், பெட்டிக்கடைக்காரர் வைத்தார். மரப்பாலும் சேறும் கீறலுமாக இருந்த விரல்களில் எதையும் பூட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை சிவப்பு எரிந்ததும் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு முயலுங்கள் என்று சொல்லி ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது.

கந்தம்மாள் கதவைக் கையால் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து சின்னத்தாயியின் குரல் வந்தது.

"நாந்தேங்க்கா."

"நாந்தேன்னா யாரு?"

"ஒங்க ஓரகத்தி. கந்தம்மா."

"ஒத்தப் பொம்பளையா இருக்கேன், ஒரு ஊரே வந்து கதவத் தட்டுனா நான் எப்படித் தெறக்குறது?" என்று கேட்டுக்கொண்டேதான் சின்னத்தாயி உள்தாழைத் திருகித் திறந்தாள். வீட்டுக்காரியும் ஊரும் அவள் வழிவிடக் காத்து நின்றார்கள். கந்தம்மாள் நேரே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச வேண்டியதை மழையிலேயே பேசியாயிற்று.

மறுநாள் ராஜமுருகன் போனில் சொல்லச் சொல்ல, சேனாதிபதி மதினியின் விரலைப் பூட்டில் பதிய முயன்றார். கந்தம்மாளைவிட அதிகம் பூண்டு உரித்த கைகள் அவை. பெருவிரல், சிவப்பு. சுண்டுவிரல், அதுவும் சிவப்பு. பத்து விரலில் ஒன்றில்கூடப் பூட்டுக்குக் காட்ட ரேகை இல்லை.

"பரவாயில்லப்பா, எண்ணு ஒண்ணு குடுத்துரலாம். பெரியம்மா வாசல்ல நின்னு அதத் தட்டினாப் போதும்," என்றான் ராஜமுருகன்.

"அவுக எதுக்கு எண்ணு தட்டிக்கிட்டு வாசல்ல நிக்கணும்? விருந்தாளியா?" என்றாள் கந்தம்மாள். கொல்லைக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவை அகலத் திறந்து அதற்கு முட்டுக் கொடுத்தாள். பூட்டு சிணுங்கிப் பார்த்தது. யாரும் கவனிக்காததால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிட்டது. செவலை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லாததால் வெளியே போனது.

இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது.

"அம்மா, கதவு தெறந்து கெடக்கு, தெறந்து கெடக்குன்னு எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. களவாணி வந்தா என்ன பண்ணுவ?"

கந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். பரணுக்கு அடியில் ஒரே சாக்கில் இரண்டு பேர் உட்கார இடம் விட்டு, சின்னத்தாயி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்டா," என்றாள். "உள்ள எங்க அக்கா இருக்காக."